புது முகப்பு சரி, பழைய லிங்க்குகள் எங்கே? – இணையதளக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இணையதளக் குழுவில் இருக்கும் நண்பர்களுக்கும், நம் கட்டற்ற மென்பொருள் திட்டத்தைப் பராமரித்துவரும் மூத்தவர்களுக்கும் வணக்கம்.

திட்டத்தின் பெயரை இந்த மடலில் எங்கும் எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெயரைப் போட்டால், நம் மென்பொருளை இதுவரை நிறுவிக்கூடப் பார்க்காதவர்கள் நாளைக்கே வந்து நாலு வசை பாடிவிட்டுப் போவார்கள். அந்த வகைக் கூட்டம் ஏற்கெனவே தேவைக்கு மேல் வந்துவிட்டது.

புதிய தளம் வெளியான நாளிலிருந்து புகார்கள் குவிகின்றன. அவற்றுக்கு உங்களிடமிருந்து வந்த பதிலைச் சுருக்கினால் இவ்வளவுதான்: "எதை மாற்றினாலும் முதலில் எதிர்ப்பு இருக்கும். சில வாரங்களில் பழகிவிடும்." பிறகு விவாதத்தைப் பூட்டிவிட்டீர்கள். வண்ணத்தைப் பற்றியும் எழுத்துருவைப் பற்றியும் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது இந்தப் பதிலைப் பற்றி.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. "ஏதோ ஸ்டார்ட்அப் கம்பெனி தளம் மாதிரி இருக்கிறது", "இந்த ஊதா கண்ணை உறுத்துகிறது", "பழையதையே திருப்பிக் கொடுங்கள்" என்று வந்தவை கணிசம். இவை பழகிப்போகும். எனக்கே அந்த ஊதா இப்போது பழகிவிட்டது. ஆனால் அதே குவியலுக்குள் வேறு ரகமும் கிடக்கிறது. "முந்தைய பதிப்பின் கையேடு எங்கே போனது?" "கையொப்பக் கோப்பைக் காணோம்." "தேடல் பெட்டியில் பிழை எண்ணைப் போட்டால் ஒன்றும் வருவதில்லை." இதிலெல்லாம் ரசனைக்கு இடமே இல்லை. நேற்றுவரை வேலை செய்தது இன்று வேலை செய்யவில்லை என்ற தகவல் மட்டும்தான் இருக்கிறது. நிரலில் இப்படி நடந்தால் அதை ரிக்ரெஷன் என்போம். அதற்குத் தனி லேபிள் உண்டு, முன்னுரிமை உண்டு, அடுத்த வெளியீட்டையே தடுத்து நிறுத்தும் அதிகாரமும் உண்டு. தளத்தில் நடந்தால் மட்டும் அது பயனரின் பழக்கதோஷம் ஆகிவிடுகிறது.

தளமும் மென்பொருளின் ஒரு பகுதிதான். நிரலுக்கு என்ன ஒழுங்கோ அதே ஒழுங்கு தளத்துக்கும் வேண்டும் என்பதுதான் என் வாதம். ஒரு ஃபங்ஷனை நீக்க வேண்டுமானால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு வெளியீட்டில் "இது விலக்கப்படப் போகிறது" என்று எச்சரிக்கை போடுகிறோம். மாற்று என்னவென்று எழுதுகிறோம். அடுத்த பெரிய பதிப்புவரை பொறுத்திருக்கிறோம். ஓர் அளபுருவின் பெயரை மாற்றும் பேட்ச்சுக்கே சுற்றுச் சுற்றாக ரெவ்யூ நடக்கும் இடம் இது. அப்படிப்பட்ட திட்டத்தில், ஆவணப் பக்கங்களின் முகவரிகள் அத்தனையும் ஒரே இரவில், ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் செத்துப்போயின.

லிங்க்குகளிலிருந்தே தொடங்குகிறேன், அங்கேதான் அடி பலம். அமைப்புக் கோப்பில் (கான்ஃபிக்) பிழை கண்டால் நம் நிரல் திரையில் ஒரு செய்தியைக் காட்டும். அதன் கடைசி வரி ஒரு முகவரி: "விவரங்களுக்கு இந்தப் பக்கத்தைப் பாருங்கள்." அந்த முகவரி நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டது. பல வருஷங்களுக்கு முன் வெளியான பதிப்பிலும் அதேதான் இருக்கிறது. அந்தப் பதிப்பு இன்னும் எத்தனையோ சர்வர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவற்றுக்குள் போய் யாரும் அந்த வரியைத் திருத்தப் போவதில்லை. இன்று அந்த முகவரியைத் திறந்தால் வருவது முகப்புப் பக்கம். ஊதாப் பின்னணியில், பெரிய எழுத்தில், "வேகமாக உருவாக்குங்கள்". நள்ளிரவில் சர்வர் விழுந்து, பிழைச் செய்தியைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு நாம் தரும் உதவி அது.

"பக்கம் இல்லை" என்னும் வெறும் 404 பிழையைக் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கம் போய்விட்டது என்றாவது தெரிந்திருக்கும். எல்லாப் பழைய முகவரிகளையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிட்டதில், வந்தவர் தான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப முயல்கிறார். தேடுபொறிகளும் இந்த வித்தைக்கு ஏமாறுவதில்லை. சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால், பக்கம் இல்லாததற்குச் சமமாகவே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. வருஷக்கணக்காக மற்றவர்கள் தங்கள் பதில்களிலும் கட்டுரைகளிலும் பாடக்குறிப்புகளிலும் நம் ஆவணத்துக்கு லிங்க் கொடுத்துச் சேர்த்துவைத்த மதிப்பு அப்படியே கரைகிறது. புதிய பயனர்களைக் கொண்டுவரத்தான் இந்த மறுவடிவமைப்பு என்றீர்கள். புதியவர் எவரும் முகப்பிலிருந்து நடந்து உள்ளே வருவதில்லை. ஏதோ ஒரு சிக்கலைத் தேடுபொறியில் தட்டி, நேராக ஆவணத்தின் நடுவில் வந்து விழுகிறார்கள். அந்த வழியைத்தான் அடைத்திருக்கிறீர்கள்.

முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே எழுதிவைத்தார். அவர் எழுதிய பக்கம், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி தளத்தில் இன்றும் அதே முகவரியில் இருக்கிறது. சொன்னதைச் செய்தும் காட்டியிருக்கிறார்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எந்தப் பழைய முகவரியை எந்தப் புதிய முகவரிக்கு அனுப்புவது என்ற திருப்பல் பட்டியலைப் போட உட்காரும்போது இது கட்டாயம் இடறும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். முகவரியில் '#' குறிக்குப் பின்னால் வரும் பகுதி சர்வருக்குப் போவதே இல்லை. பிரவுசர் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. சர்வர் 301 (பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது) என்று சொல்லிப் புதிய பக்கத்துக்கு அனுப்பியதும், அந்தப் பகுதியை அங்கே ஒட்டி, அதே அடையாளம் கொண்ட தலைப்பு இருக்கிறதா என்று தேடுகிறது. எனவே பக்கத்துக்குப் பக்கம் பொருத்தினால் மட்டும் போதாது, தலைப்புகளின் பழைய அடையாளங்களும் புதிய பக்கத்தில் இருந்தாக வேண்டும். பழைய ஆவணத்தில் ஒவ்வொரு அமைப்புக்கும் நாமே கையால் வைத்த அடையாளப் பெயர் இருந்தது. தளப் பக்கங்களை உருவாக்கும் புதிய ஜெனரேட்டரோ தலைப்பின் சொற்களைக் கோத்துத் தானே ஒன்றை உருவாக்குகிறது. நாளைக்கு யாராவது தலைப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால் அந்த அடையாளமும் மாறிவிடும், இன்னொரு லிங்க் சாகும். அமைப்புகள் பக்கம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். அதன் உச்சியில் கொண்டுவந்து இறக்கிவிட்டால், வந்தவர் உருட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

செய்ய முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. பைத்தான் நிரல்மொழிக்கான மென்பொருள் தொகுப்புகள் கிடைக்கும் பைபிஐ 2003 முதல் இயங்கிவந்த தளம். நிரல் பழசாகி, தொடவே பயப்படும் நிலைக்கு வந்தபோது அதை முழுக்கப் புதிதாக எழுதினார்கள். எழுதி முடித்ததும் பழையதை இடித்துவிடவில்லை. வேறொரு முகவரியில் புதியதைப் பழையதோடு பக்கம்பக்கமாக ஓடவிட்டார்கள், பீட்டா என்று வெளிப்படையாக அறிவித்தார்கள், எந்த நாளில் பழையது நிற்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். 2018 ஏப்ரலில் மாற்றம் நடந்தது, பழைய முகவரிகள் புதியவற்றுக்குத் திருப்பப்பட்டன. புதிய தோற்றம் எல்லாருக்கும் பிடித்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் பழைய லிங்க்கோடு வந்தவர் தேடிவந்த பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தார்.

அடுத்தது பதிவிறக்கப் பக்கம். முன்பு அங்கே ஓர் அட்டவணை இருந்தது: இயங்குதளம், பதிப்பு, கோப்பு, அளவு, எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பு மாறாமல் வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் எண்), கையொப்பம் (வெளியிட்டது நாம்தான் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை). பார்க்க அழகில்லைதான். கைப்பேசியில் பாதி அட்டவணை திரைக்கு வெளியே நிற்கும். இப்போது ஒரே ஒரு பெரிய பொத்தான். பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் தகவலை வைத்து, உங்களுக்கு இதுதான் வேண்டும் என்று அதுவே முடிவு செய்துகொள்கிறது. சொந்தக் கணினியில் நிறுவுகிறவருக்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் நம் பயனர்களில் பலர் இங்கே உட்கார்ந்துகொண்டு வேறெங்கோ இருக்கும் கணினிக்காக இறக்குகிறவர்கள். அது இணையத் தொடர்பே இல்லாத சர்வராக இருக்கலாம், ஏஆர்எம் சிப் கொண்ட சின்ன போர்டாக இருக்கலாம். அவர்களுக்கான லிங்க் பக்கத்தின் அடியில், வெளிர் சாம்பல் எழுத்தில் ஒளிந்திருக்கிறது. செக்சமும் கையொப்பமும் அதற்கும் உள்ளே, "மேம்பட்டவை" என்ற மடிப்பைத் திறந்தால்தான் கண்ணில் படும்.

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையதளத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தளத்துக்குள் புகுந்தவர்கள் 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க லிங்க்கை மாற்றி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். திட்டத்தினர் அதை மறைக்காமல் அறிவித்து, சரியான செக்சம்களை வெளியிட்டு, இறக்கிய கோப்பை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தளத்துக்குள் புக முடிந்தவனால் அங்கிருக்கும் செக்சத்தையும் மாற்ற முடியும். அதனால்தான் கையொப்பம் தேவைப்படுகிறது. அது எங்கே இருக்கும் என்பது பயனருக்குப் பழகியிருக்க வேண்டும், அது இல்லாத நாளில் சந்தேகம் வர வேண்டும். நம் தளத்தில் கையொப்பத்தை மடிப்புக்குள் தள்ளும் முன் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? ரெப்போவின் (நிரல் களஞ்சியத்தின்) வரலாற்றில் அப்படி ஒரு கேள்வியை நான் பார்க்கவில்லை.

சின்ன விஷயங்கள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் பக்கத்தில் எல்லாப் பதில்களையும் மடித்து மறைத்துவிட்டீர்கள். நீங்கள் மறைத்திருக்கும் விதத்தில் அந்த எழுத்தை பிரவுசரின் தேடல் பார்ப்பதில்லை. ஆக, கண்ட்ரோல்-எஃப் அழுத்திப் பதில் தேடும் வழக்கம் அங்கே செல்லாது, ஒவ்வொன்றாகத் தட்டித் திறக்க வேண்டும். அடிக்குறிப்புகளின் எழுத்து நிறம் #999999. வெள்ளைப் பின்னணியில் அதன் ஒளிமாறுபாடு 2.85:1 தான் வரும். சாதாரண அளவு எழுத்துக்கு, வலை அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி கேட்பது குறைந்தது 4.5:1. இதே சாம்பலை #767676 வரை இருட்டாக்கினால் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம், தோற்றமும் பெரிதாக மாறாது. ஒரு வரி சிஎஸ்எஸ் வேலை. அதைச் சுட்டிக்காட்டி வந்த புகாரை "ரசனை சார்ந்தது" என்று லேபிள் ஒட்டி மூடியிருக்கிறீர்கள். எழுத்து கண்ணுக்குத் தெரிவது எப்போதிலிருந்து ரசனை ஆயிற்று?

எழுத்துருவை வெளி நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஏற்றுவதும் அப்படித்தான். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரின் ஐபி முகவரியும் அங்கே போகிறது. கூகுள் ஃபான்ட்ஸை இப்படி ஏற்றிய ஒரு தளத்தின் உரிமையாளர், வழக்குத் தொடுத்தவருக்கு 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று ஜெர்மனியில் மியூனிக் நீதிமன்றம் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே எழுத்துருக் கோப்புகளை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ள உரிமம் தாராளமாக அனுமதிக்கிறது. பயனரின் தனியுரிமையைப் பெருமையாகப் பேசும் திட்டம் நம்முடையது.

முகப்புக்கு வருகிறேன். அங்கிருந்த நிரல் எடுத்துக்காட்டை எடுத்துவிட்டீர்கள். மென்பொருள் என்ன செய்யும் என்று சொன்ன ஒற்றை வாக்கியமும் போய்விட்டது. இதே சண்டை ரஸ்ட் மொழியின் தளத்திலும் நடந்தது. 2018 டிசம்பரில், ரஸ்ட் 2018 வெளியீட்டையொட்டி, அவர்கள் புதிய தளத்தைக் கொண்டுவந்தார்கள். பழைய முகப்பில் "வேகமாக ஓடும், செக்மென்டேஷன் பிழைகளைத் தடுக்கும், த்ரெட் பாதுகாப்பை உறுதிசெய்யும் சிஸ்டம்ஸ் நிரல்மொழி" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. பக்கத்திலேயே கொஞ்சம் நிரலும் இருந்தது. இரண்டும் போய், நம்பகமான, திறன்மிக்க மென்பொருளை எல்லாரும் உருவாக்க வலுவூட்டுவதாகச் சொல்லும் வரி வந்தது. மொழியைத் தேடி வருகிறவனுக்கு மொழியின் முகத்தையே காட்டாமல் மறைத்துவிட்டீர்களே என்று ஒரு கூட்டம் கேட்டது. சிஸ்டம்ஸ் என்ற சொல்லைக் கண்டு ஒதுங்கிப் போகிறவர்களையும் உள்ளே அழைக்க வேண்டாமா என்று இன்னொரு கூட்டம் கேட்டது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. பல மொழிகளில் இருந்த முகப்பு முதலில் ஆங்கிலத்தில் மட்டும் வந்து, மொழிபெயர்ப்புகள் பிறகுதான் திரும்பின. அது தவிர்த்திருக்கக்கூடிய குறை. ஆனால் பழைய தளத்தைத் தனி முகவரியில் அப்படியே விட்டுவைத்தார்கள். புதியதில் ஏதாவது காணவில்லை என்றால் போய்ப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தது.

நம் விஷயத்தில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், எடுத்துக்காட்டின் பக்கம்தான். நம்முடையது கட்டளைத் திரையில் ஓடும் கருவி. ஒரு கட்டளையும் அது தரும் வெளியீடும் சேர்ந்து ஐந்தாறு வரிகளில் எல்லாவற்றையும் சொல்லிவிடும். இப்போதைய முகப்பைப் படித்துவிட்டு இது என்ன மென்பொருள் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆச்சரியம்தான். "உங்கள் பணியை எளிதாக்கும் நவீன தீர்வு" என்ற வரி கணக்கு மென்பொருளுக்கும் பொருந்தும், காலண்டர் செயலிக்கும் பொருந்தும்.

தமிழ் மொழிபெயர்ப்பில் கை வைக்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பொத்தான்களுக்கு உயரத்தை பிக்சலில் இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த உயரம் அது. தமிழில் 'கு', 'ளு', 'று' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி பொத்தானின் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கிறது. தலைப்புகளில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டியிருப்பதால் 'கொ', 'போ' போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனியே விலகித் தெரிகின்றன. இது தோற்றத்தோடு போகட்டும். பதிவிறக்கப் பொத்தானில் இருக்கும் வாக்கியத்தை மூன்று துண்டுகளாக வெட்டி, நடுவில் பதிப்பு எண்ணையும் இயங்குதளத்தின் பெயரையும் செருகும்படி வார்ப்புருவில் எழுதியிருக்கிறீர்கள். துண்டுகளின் வரிசையை மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு வழியில்லை. வேற்றுமை உருபை ஒட்டவும் இடமில்லை. முழு வாக்கியத்தையும் ஒரே சரமாகக் கொடுத்து, மாறிகளுக்குப் பெயரிட்ட இடங்களை விட்டால் போதும். நம் நிரலின் செய்திகளில் இதைப் பல வருஷமாகச் சரியாகவே செய்துவருகிறோம். ஜப்பானிய, துருக்கிய, ஃபின்னிய மொழிபெயர்ப்பாளர்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்வார்கள். பழைய தளத்தில் முடித்திருந்த மொழிபெயர்ப்புகள் புதிய ரெப்போவுக்குக் கொண்டுவரப்படவே இல்லை. அவற்றை எழுதியவர்களுக்கு அதைச் சொல்லவும் இல்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகு நிறையையும் சொல்ல வேண்டும், அது மரியாதைக்காக மட்டும் இல்லை. புதிய நிறுவல் வழிகாட்டி, இதுவரை நம் திட்டத்தில் எழுதப்பட்ட ஆவணங்களிலேயே ஆகச் சிறந்தது என்பேன். பழையது மூன்று பக்கங்களில் சிதறிக் கிடந்தது. அதில் ஒன்று, நாம் எப்போதோ கைவிட்ட முறையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. கைப்பேசியில் இப்போது ஆவணத்தைப் படிக்க முடிகிறது. கட்டளைகளை நகலெடுக்கும் பொத்தான், முன்னால் இருக்கும் டாலர் குறியை விட்டுவிட்டு நகலெடுக்கிறது. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள், அவருக்கு என் வணக்கம். இரவு நேர நிறத்தொகுப்பும் அருமை.

பயனர் பக்கம் நின்று எழுதினாலும், நம் பயனர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வடிவமைத்தவரின் பெயரைத் தேடிப்பிடித்து, அவருடைய தனிப்பட்ட பக்கங்களில் போய்த் திட்டியவர்கள் இந்தத் திட்டத்துக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. கட்டற்ற மென்பொருளில் நிரல் எழுத ஆள் கிடைக்கும், வடிவமைப்புக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. வந்த ஒருவரையும் விரட்டிவிட்டால் அடுத்த பத்து வருஷத்துக்கு அந்தப் பழைய அட்டவணையோடுதான் குடித்தனம். நினைவக மேலாண்மையில் ஒரு மாற்றம் வந்தால் வாய் திறக்க நாலு பேர் இருக்க மாட்டார்கள், பொத்தானின் நிறத்துக்கு நாநூறு பேர் வருவார்கள். சைக்கிள் கொட்டகைக்கு என்ன நிறம் அடிப்பது என்ற சண்டை என்று 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதள வட்டாரத்திலிருந்து பரவிய பேச்சு இதற்கென்றே இருக்கிறது. "பழையதே நல்லது" என்று மட்டும் எழுதிய ஒருவருக்கு நீங்கள் பதில் சொல்லாததில் எனக்கு வருத்தமே இல்லை.

எனக்கு வருத்தம், அந்த நாநூறு பேர் இரைச்சலில் உருப்படியான நாற்பது புகார்களையும் சேர்த்து மூடிவிட்டீர்களே என்பதுதான். எதிர்வினையைத் தரம் பிரிப்பது ஒரு வேலை. நிரலுக்கு வரும் வழு அறிக்கைகளில் அதைத் தினமும் செய்கிறோம். அறிக்கை கோபமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக, கிராஷ் ஆவதைக் கிராஷ் இல்லை என்று நாம் சொன்னதே கிடையாது. எரிச்சலோடு எழுதுகிறவர் பெரும்பாலும் பாதி வேலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர். "என்ன செய்ய வந்தீர்கள், எங்கே நின்றுபோனது?" என்று இரண்டே கேள்விகள் கேட்டால் போதும். ரசனைக்காரர் அங்கேயே உதிர்ந்துவிடுவார், வழுவோடு வந்தவர் விவரம் கொடுப்பார்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் வெக்டர் 2022 தோற்றம் 2023 ஜனவரி 18 அன்று இயல்புநிலையாக வந்தபோது கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்திருப்பீர்கள். வரியின் அகலத்தைக் குறுக்கி இரண்டு பக்கமும் வெள்ளையாக விட்டதுதான் அதிகம் திட்டு வாங்கியது. நீளமான வரிகள் படிக்கச் சிரமம் என்பது விக்கிமீடியா அறக்கட்டளையின் தரப்பு. அகலத் திரை வாங்கியது வெள்ளையைப் பார்க்கவா என்பது மறுதரப்பு. பழைய தோற்றத்துக்கே திரும்ப வேண்டுமா என்று விக்கியர்களிடையே பெரிய விவாதமே நடந்தது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. வேறு மொழி விக்கிகள் சிலவற்றில் அது 2020 முதலே சோதனையில் இருந்தது. அகலத்தைக் கூட்டிக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தது. கணக்கு வைத்திருப்பவர் விருப்பத்தேர்வுகளில் போய் 2010-இன் பழைய தோற்றத்தையே வைத்துக்கொள்ள முடிந்தது. கட்டுரைகளின் முகவரிகளில் ஒன்றுகூட மாறவில்லை. கோபமாகவே இருந்தவரும் வேலையை நிறுத்தாமல் கோபமாக இருக்க முடிந்தது.

நீங்கள் சோதனையே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். புதியவர்கள் சிலரை வைத்து, "பதிவிறக்கப் பொத்தானைக் கண்டுபிடிக்க முடிகிறதா?" என்று பார்த்திருக்கிறீர்கள். முடிந்திருக்கிறது, நல்லது. ஆனால் "பழைய பதிப்பில் இந்த அமைப்பின் இயல்பு மதிப்பு என்ன?" என்ற கேள்வியோடு வருகிறவரை யாரும் உட்காரவைத்துப் பார்க்கவில்லை. தளத்துக்குத் தினம் வருகிறவர் அவர்தான். அவர் எந்தப் பக்கத்துக்கு வருகிறார் என்று அறிய ஆய்வு எதுவும் வேண்டாம், சர்வரின் பதிவுக் கோப்பில் இருக்கிறது. இன்றைய கோப்பை எடுத்து, முகப்புக்குத் திருப்பிவிடப்பட்ட முகவரிகளை எண்ணிக்கை வாரியாக அடுக்குங்கள். மேலே வரும் ஐம்பது முகவரிகளைச் சரிசெய்தாலே இரைச்சலில் பெரும்பகுதி அடங்கிவிடும் என்பது என் கணிப்பு.

கேட்பது அதிகமில்லை. பழைய தளத்தை மாறாத நிலைக் கோப்புகளாக ஒரு துணை முகவரியில் ஏற்றி, மேலே "இது பழையது" என்று பட்டை ஒட்டி, அடுத்த பெரிய வெளியீடுவரை விட்டுவையுங்கள். ஆதரவில் இருக்கும் பதிப்புகளின் கையேடுகளையாவது திரும்பக் கொண்டுவாருங்கள். "மேம்படுத்திக்கொள்ளுங்கள்" என்று பதில் சொல்வது எளிது, மேம்படுத்தும் அதிகாரம் கையில் இல்லாதவர்களே அதிகம். தளத்தின் ரெப்போவிலும் ரிக்ரெஷன் என்ற லேபிளைச் சேர்த்து, மூடப்பட்ட புகார்களில் அதற்குரியவற்றைத் திறந்துவிடுங்கள். அவற்றைப் பிரித்துக் கொடுக்க ஆவணக் குழுவிலிருந்து நாங்கள் சிலர் தயார். முகப்பின் நிறம், படம், எழுத்துரு எதையும் நாங்கள் தொடப் போவதில்லை. அவை உங்கள் முடிவு.

திருப்பல் பட்டியலைத் தொடங்கியும் விட்டோம். பழைய ஆவண ரெப்போவின் கிட் வரலாற்றிலிருந்து எந்தக் கோப்பு எங்கே போனது என்று எடுத்திருக்கிறோம். அதில் அகப்படாதவற்றை, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் பழைய பக்கத்தைப் பார்த்துக் கையால் பொருத்திக்கொண்டிருக்கிறோம். அமைப்புகள் பக்கத்தின் பழைய தலைப்பு அடையாளங்களைப் புதிய பக்கத்தில் செருகும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றும் இருக்கிறது. மாற்றங்களைச் சேர்க்கச் சொல்லும் மெர்ஜ் கோரிக்கை திறந்தே இருக்கிறது, ரெவ்யூ செய்ய உங்கள் தரப்பில் ஒருவரை நியமியுங்கள். திருப்பல் விதிகளை வலை சர்வரின் அமைப்பில் வைப்பதா, ஜெனரேட்டரே ஒவ்வொரு பக்கத்தோடும் உருவாக்குவதா என்று அவர் முடிவு செய்து சொன்னால், மீதிப் பட்டியலை அந்த வடிவிலேயே தருகிறோம்.

அன்புடன்,
ஆவண, மொழிபெயர்ப்புக் குழுக்களில் இருக்கும் ஒரு பங்களிப்பாளர்